செடித் தொட்டிக்குப் பாவாடை

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அதே காட்சி. தையற்காரர் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடு அறைக்கு வந்தால், ரப்பர் செடியின் தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் மண். தொட்டிக்குள்ளே பட்டன். நாலு காலையும் சேர்த்து வைத்து, வாலை லேசாகத் தூக்கி, பரீட்சையில் பதில் தெரியாதவன் மாதிரி சுவரையே வெறித்தபடி உட்கார்ந்திருந்தது. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று பூனை வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

“டேய்” என்றார்.

பட்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரியம் முடிந்ததும் முன்னங்காலால் மண்ணைப் பிராண்டி மூடியது. மூடியது கொஞ்சம், வெளியே தள்ளியது மிச்சம். பிறகு குதித்து இறங்கி, அவர் காலை ஒரு உரசு உரசிவிட்டு, சாப்பாட்டுத் தட்டு இருக்கிற பக்கம் நடந்தது. மண்ணைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த உரசலைத்தான் பொறுக்க முடியவில்லை.

குட்டியாக வந்த முதல் வாரமே ஒரு சட்டைப் பொத்தானை விழுங்கி, இரண்டு நாள் வீட்டையே கலங்கடித்ததால் அதற்குப் பட்டன் என்று பெயர். அது மனைவியின் பூனை. செடிகளும் மனைவியின் செடிகள். மொத்தம் ஒன்பது தொட்டி, அதில் பெரியது ரப்பர் செடி. அதைப் ‘பெரியவர்’ என்றுதான் அவள் சொல்லுவாள். பதினோரு வருஷமாக வளர்ந்து, அவர் தோளையும் தாண்டி நிற்கிறது. “பெரியவருக்குத் தண்ணி விட்டாச்சா?” என்று அவள் கேட்கிறபோதெல்லாம், வீட்டில் தனக்கு மேலே ஒருவர் இருப்பதுபோல அவருக்குத் தோன்றும்.

மனைவி ஊரில் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மகளுக்கு ஆறாவது மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்குக் கப்பலில் வேலை, கரைக்கு வர இன்னும் நாலு மாதம். அதனால் மனைவி ஒரு பெட்டியையும், வீட்டைப் பற்றிய நூறு கவலையையும் தூக்கிக்கொண்டு, எட்டு மணி நேரம் ரயிலில் போய் மகளுடன் இருக்கிறாள்.

சிக்கல் அந்தக் கவலையில்தான் இருந்தது. வீட்டில் ஒரு குழாய் ஒழுகுகிறது என்று காதில் விழுந்தால் போதும், அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள். முன்பு ஒரு முறை தங்கை வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கென்று போனவள், போனில் இவர் சும்மா இருக்காமல் லேசாக ஜலதோஷம் என்று சொல்லப்போக, மூன்றாம் நாள் காலையில் வாசலில் நின்றாள். இது மகளுக்கும் தெரியும். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அப்பா, வீட்டுல எது எப்படிப் போனாலும் அம்மாகிட்ட சொல்லாதீங்க. அவங்க பாதியில கிளம்பிட்டா நான் என்னப்பா பண்ணுவேன்? தண்ணி எடுத்துக் குடுக்கக்கூட இங்க ஆள் இல்ல.”

“நீ படுத்துக்கிட்டு நிம்மதியா இரும்மா. நான் பாத்துக்கறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வாக்குக் கொடுத்தபோது பட்டனைக் கணக்கில் சேர்க்க மறந்துபோனார்.

அவர்கள் வீடு வரிசையாக மூன்று அறை. முன் அறையில் அவருடைய தையல் மெஷின், வெட்டும் மேஜை, வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்சு. நடு அறையில் செடிகள். பின் அறை மனைவியுடையது. அவளுடைய புத்தகம், நாற்காலி, ஒரு மூலையில் பட்டனின் மண் பெட்டி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் போட்ட ஒரே சட்டம், நூலும் துணிப் பிசிறும் பின் அறை வாசலைத் தாண்டக் கூடாது என்பதுதான். அதை அவர் மீறியதே இல்லை. அவள் ரயிலேறிப் பத்து நாள் கழிந்தபோது மீறினார். மெஷினை ஆள் வைத்துத் தூக்கி, பின் அறையில் அவள் நாற்காலிக்கு எதிரே கொண்டுபோய்ப் போட்டார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று தனக்குத் தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். முதல் நாள் மெஷினை மிதித்ததும், மூலைப் பெட்டியில் உட்கார்ந்திருந்த பட்டன் எகிறிக் குதித்து, மண்ணை அறை முழுக்க இறைத்துவிட்டு ஓடியது. வெள்ளைத் துணியில் மண் பட்டதென்று அதைத் திட்டித் தீர்த்தார். அதோடு அந்த விஷயத்தை மறந்தும் போனார்.

அதற்கு மறுநாள்தான் பெரியவரின் தொட்டியில் முதல் தோண்டல்.

மாடி வீட்டு நர்ஸ், ஆரஞ்சுத் தோலை மண்மேல் பரப்பச் சொன்னாள். பூனைக்கு அந்த வாசனை ஆகாதாம். அவள் வீட்டில் பூனை கிடையாது. பூனை வளர்க்காதவர்களுக்குத்தான் பூனையைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் மூன்று நாள் வேளாவேளைக்கு ஆரஞ்சு தின்று, வயிறு புளித்து, ஒன்பது தொட்டிக்கும் தோல் பரப்பினார். பட்டன் ஒரு தோலை முகர்ந்து தும்மியது. பிறகு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

அடுத்து கூழாங்கல். கட்டடம் கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகக் கழுவி, மண் தெரியாமல் அடுக்கினார். அதைப் பட்டனுக்கு வாங்கித் தந்த விளையாட்டுச் சாமான் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கல்லாக உருட்டி வெளியே தள்ளியது. இருட்டில் எழுந்துபோன அவர் ஒரு கல்லை மிதித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தார். வீட்டில் இருக்கிற ஒரே மனிதனுக்கு இடுப்புப் பிடித்தாலும் கேட்க நாதியில்லை என்பதையும் அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டார்.

பிறகு தொழில் மூளையைக் கசக்கினார். நூல் தீர்ந்த காலிக் கோன்கள் ஒரு மூட்டை கிடந்தன. கூரான முனை மேலே இருக்கும்படி மண்ணில் நெருக்கி நட்டார். பார்க்க ஒரு சின்னக் கோட்டை மாதிரி இருந்தது. மத்தியானம் ஒரு அம்மாவுக்கு ரவிக்கை அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, நடு அறையிலிருந்து இருபது கோன்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்தன. கடைசியாகப் பட்டன் வந்து, அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தது.

“வீட்ல யாருமில்லையா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“நான் இருக்கேனே” என்றார் தையற்காரர். சொல்லும்போதே அவருக்கு எரிச்சல் வந்தது.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பாவாடை. தொட்டியின் வாயை அளவெடுத்தார். தண்டின் சுற்றளவை எடுத்தார். மழைக்கோட்டுத் துணியை வட்டமாக வெட்டி, நடுவில் தண்டுக்கு ஓட்டை விட்டு, ஓரத்தில் நாடா கோத்து, திறந்து மூட மூன்று கொக்கி வைத்தார். பெரியவருக்கு மட்டும் சுருக்கம் வைத்து, அடியில் இரட்டைத் தையல். ஒன்பது தொட்டிக்கும் ஒன்பது பாவாடை. மணப்பெண்ணுக்குத் தைக்கும்போதுகூட அவர் அத்தனை பார்த்துப் பார்த்துத் தைத்ததில்லை. நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டதும் தொட்டிகள் விசேஷத்துக்குக் கிளம்பியதுபோல வரிசையாக நின்றன. பட்டன் பிராண்டிப் பார்த்தது, கடித்துப் பார்த்தது, சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

“எங்கிட்டயா?” என்றார் அவர். ஐந்து வாரத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

சிரிப்புக்கு ஆயுள் ஒன்றரை நாள். வெட்டும் மேஜைமேல் ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டு, கைப்பகுதியில் லைனிங் மாற்றக் கிடந்தது. அதன்மேல் பட்டன் உட்கார்ந்து, அதே பரீட்சைப் பார்வையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோட்டை நாலு தடவை அலசிக் காயப்போட்டார். வக்கீல் போன் செய்தபோது, லைனிங் சரியான நிறத்தில் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னார். பின் அறையில் மண் பெட்டி பளிச்சென்று இருந்தது. அவர் தினமும் பார்க்கிறார், வாரக்கணக்கில் ஒரு கால் தடம்கூட இல்லை. வீட்டில் பெட்டி இருக்கும்போதே இந்த அழிச்சாட்டியம் என்றால், இது கொழுப்பைத் தவிர வேறென்ன? எஜமானி ஊரில் இல்லாத கோபத்தை என்மேல் காட்டுகிறது என்று முடிவு கட்டினார்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. மனைவி எழுதிவைத்த சீட்டில் திங்களும் வியாழனும் தண்ணீர் என்று இருந்தது. ‘மண் காய்ந்திருந்தால் மட்டும்’ என்று பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தாள். பாவாடைக்குள் மண் காய்ந்ததா என்று யார் பார்ப்பது? கொக்கியைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை. தண்டோடு ஒட்டி, ஓட்டை வழியாகவே ஊற்றிக்கொண்டிருந்தார். மழைக்கோட்டுத் துணி தன் குணத்தைக் காட்டியது. வெளி ஈரத்தை உள்ளே விடாத துணி, உள் ஈரத்தை வெளியே விடுமா? இரண்டாவது வாரக் கடைசியில் குட்டிக் குட்டிக் கொசுக்கள் பறந்தன. ஒரு நாள் காலை பெரியவரின் அடி இலை ஒன்று மஞ்சளாகிப் பொத்தென்று விழுந்தது. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் பச்சை இலைகளே விழ ஆரம்பித்தன. பாவாடையைத் தூக்கிப் பார்த்தார். மண் சேறாகி நாற்றமடித்தது. அத்தனை பாவாடையையும் கழற்றி எறிந்தார். ஆனால் விழுந்த இலை விழுந்ததுதான்.

மனைவி புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் வருவாள். இதுவரை அவர் போனை மூக்கருகில் பிடித்துக்கொண்டு, செடியை ஓரத்தில் ஒரு இலை தெரிகிற மாதிரி காட்டிச் சமாளித்துவந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரை முழுசாகக் காட்ட வேண்டும் என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பாதி மொட்டையாக நிற்கிற பெரியவரைப் பார்த்தால் அவள் அன்றைக்கே ரயிலேறுவாள். மகளின் குரல் காதில் கேட்டது.

வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. அவருக்கு வந்தது, தையற்காரர் இல்லையா? விழுந்த பச்சை இலைகளில் வாடாதவை ஆறு இருந்தன. பச்சை நூலில் சரியான சாயலைத் தேடி எடுத்து, ஒவ்வொரு காம்பையும் தண்டோடு சேர்த்து, தையல் வெளியே தெரியாதபடி கட்டித் தைத்தார். ஸ்டூலில் ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கழுத்து வலிக்க ஒரு மணி நேர வேலை. ஆறாவது இலையை முடிக்கும்போது மணி ஐந்து ஐம்பத்தெட்டு. முப்பது வருஷத் தொழிலில் நூல் நுனியை வெட்டாமல் அவர் ஒரு துணியையும் கொடுத்ததில்லை. அன்றைக்கு ஒரே ஒரு நுனியை வெட்ட மறந்தார்.

போன் அடித்தது. அவர் அதைத் தூரப் பிடித்து, பெரியவரையும் தன்னையும் சேர்த்துக் காட்டினார்.

“கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்காரே” என்றாள் மனைவி.

“வெயில் பத்தலபோல” என்றார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னும் கிட்டே வந்து பார்த்தாள். அந்த நேரத்தில், தொங்கிக்கொண்டிருந்த நூல் நுனியைப் பட்டன் பார்த்துவிட்டது. ஸ்டூலில் ஏறியது, ஒரு தாவு தாவியது. நூலோடு இலையும் கழன்று வந்தது. கீழே விழவில்லை. தையல் அத்தனை உறுதி. அரை முழம் நூலில், போனுக்கு நேரெதிரே இப்படியும் அப்படியுமாக ஆடியது. பட்டன் இரண்டு கையாலும் அதை அடித்து விளையாடியது.

அவர் இலையை எட்டிப் பிடிக்கப் பார்த்தார், அது நழுவிப் போய் மறுபடி ஆடியது.

“என்னங்க” என்றாள் மனைவி. “அந்த இலை ஏன் நூல்ல தொங்குது?”

குட்டு உடைந்தபிறகு மறைத்து என்ன? ஆரஞ்சுத் தோல், கூழாங்கல், கோன், பாவாடை, வக்கீல் கோட்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். தன் தப்பைச் சொல்கிற இடத்திலெல்லாம் பட்டனைத் திட்டினார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் செடியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

“பெட்டிய காட்டுங்க” என்றாள்.

“பெட்டியெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு.”

“அதான் காட்டுங்க.”

பெட்டியைக் காட்டப் பின் அறைக்குப் போக வேண்டும். போனார். போனை மூலைக்கு மட்டும் திருப்பப் பார்த்தார். ஆனால் மெஷின் ஒன்றும் பாக்கெட்டில் போட்டு மறைக்கிற சாமான் இல்லை. பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி அதன் மோட்டார் இருந்தது. தரையெல்லாம் நூல் பிசிறு. அவளுடைய நாற்காலிமேல் அவருடைய தேநீர்க் குவளை.

“மோட்டார் பக்கத்துல உக்காந்து அவன் எப்படிங்க போவான்? நீங்க போவீங்களா?” என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. முதல் நாள் பட்டன் எகிறிக் குதித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து வாரமாக அந்த வாயில்லா ஜீவனிடம் கத்தியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் அடுத்து சட்டத்தைப் பற்றிக் கேட்பாள், இருபத்தாறு வருஷத்தையும் எடுத்து வைப்பாள் என்று காத்திருந்தார்.

“மெஷின ஏன் இங்க கொண்டுவந்தீங்க?” என்றுதான் கேட்டாள்.

“வெளிச்சத்துக்கு.”

“முன் ரூம்லதான வெளிச்சம் ஜாஸ்தி.”

பின் அறையில் இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல். அது அவளுக்கும் தெரியும்.

“முன் ரூம்ல உக்கார முடியல” என்றார் கடைசியில். “நீ உள்ள இருந்து ஏதாவது பேசிக்கிட்டே இருப்ப. நான் பாதி கேக்க மாட்டேன். இப்ப கேக்க ஒண்ணுமில்ல. இங்கன்னா உன் நாற்காலியாவது இருக்கு.”

சொல்லிவிட்டு, மெஷின்மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். அந்தப் பக்கம் கட்டிலிலிருந்து மகள் என்னம்மா என்று கேட்பது கேட்டது. ஒண்ணுமில்ல, நீ படு என்றாள் மனைவி. பிறகு போனோடு எழுந்து வேறு பக்கம் போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.

“நான் கிளம்பி வந்துடவா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

இந்த ஒரு கேள்வி வரக் கூடாது என்றுதான் ஏழு வாரமாக அவர் அத்தனை பாடும் பட்டார். ஆரஞ்சு தின்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார், இலையைத் தைத்தார். கேள்வி வந்தபிறகுதான் தெரிந்தது, வா என்கிற வார்த்தை நுனி நாக்கில் தயாராக நின்றது. அதை விழுங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

“வேணாம்” என்றார். “அவ கூட இரு. குழந்தை பொறக்கட்டும். இங்க ஒரு பெட்டிய நகத்தணும், அவ்வளவுதான?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு வழக்கமான குரல் வந்துவிட்டது. பெரியவருக்கு மண் நன்றாகக் காய்கிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது, தைத்த இலையெல்லாம் இன்றைக்கே பிரித்துவிட வேண்டும், அழுகின வேரை வெட்ட நர்சரியில் ஆள் கூப்பிட வேண்டும் என்று அடுக்கினாள். அவர் இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

“மெஷின் அங்கயே இருக்கட்டும்” என்று முடித்தாள். “பெட்டிய முன் ரூமுக்குக் கொண்டுபோய் வைங்க. அங்கதான் இப்ப சத்தம் இல்ல.”

“கஸ்டமர் வருவாங்களே.”

“வரட்டும்.”

“இங்க நூல் பிசிறு?”

“நான் வந்து பெருக்கிக்கறேன்” என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வக்கீல் கோட்டை வாங்க வந்தார். தையற்காரர் பின் அறையில் கடைசித் தையலை ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் பெஞ்சில் உட்காரச் சொல்லிக் குரல் கொடுத்தார். முன் அறையிலிருந்து சரக் சரக்கென்று மண் கிளறுகிற சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால், வாசல் ஓரப் பெட்டியில் பட்டன் நாலு காலையும் சேர்த்து வைத்து, வக்கீலின் முகத்தையே உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

“சார், இது என்ன சார்?” என்றார் வக்கீல். “கோட்டு ரெடியா இல்லையா?”

“ரெண்டு தையல்தான் சார் பாக்கி. கொஞ்சம் பொறுங்க” என்றார் தையற்காரர். “அவன் முடிச்சுக்கட்டும்.”

சொல்லிவிட்டு, மெஷினிலிருந்து காலை எடுத்து, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தார்.